தந்தையின் கனவும் தனயனின் கோபமும்: நாசர் ஹுசைனின் தன்வரலாற்றை முன்வைத்து

மனிதர்களின் வாழ்க்கையை எழுதி வைப்பதில் முஸ்லிம் அறிஞர்கள் காட்டிய ஊக்கம் சாதாரணமானதன்று. கதீப் அல்-பக்தாதி (ரஹ்) பக்தாதின் வரலாற்றை எழுதப் புகுந்து, அந்நகரில் வாழ்ந்தும் வந்துபோயும் இருந்த மனிதர்களின் வரலாறாகவே அதனை எழுதி முடித்தார். இப்னு கல்லிகான் (ரஹ்) தமது தொகுப்பில் சட்ட அறிஞர்களுக்குப் பக்கத்திலேயே கவிஞர்களையும் அமைச்சர்களையும் மருத்துவர்களையும் அமர வைத்தார். ஹதீஸ் கலையினர் வகுத்த ‘ஜர்ஹ் வ தஃதீல்’ முறையோ ஒருவரின் நிறையையும் குறையையும் ஒரே பக்கத்தில் கூச்சமின்றி எழுதக் கற்றுக் கொடுத்தது. இத்தனை செல்வத்துக்கு வாரிசுகளான நாம் இன்று எழுதுபவை பெரும்பாலும் மனாகிப் வகையைச் சேர்ந்த புகழ்மாலைகளே. அதற்கும் ஒரு படி கீழே இன்னொரு வகை இருக்கிறது. ‘சாதனை படைத்த முஸ்லிம்கள்’ என்று விழா மலர்களில் அச்சாகும் பட்டியல்கள் அவை.

அத்தகைய பட்டியலொன்றில் நாசர் ஹுசைனைச் சேர்ப்பதானால் அவருக்குக் கிடைக்கக்கூடியது ஒரே வரிதான்: சென்னையில் பிறந்து இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வரியில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அவர் ஓய்வு பெற்ற 2004-ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட ‘பிளேயிங் வித் ஃபயர்’ என்னும் தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு, அந்த வரி அவரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பது விளங்கும். ஆட்டத்தை விட்டு விலகியவர்கள் பத்திரிகையாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவசரமாக எழுதும் நூல்களின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும். அவ்வினத்தின் குறைகள் இதிலும் உண்டு. எனினும் இதன் நடுவே ஒரு மகன் தன் தந்தையோடு நடத்திய நெடிய வழக்கு ஒன்று ஓடுகிறது. அந்த வழக்கு நம் வீடுகளிலும் நடந்துகொண்டிருப்பது என்பதாலேயே இந்நூலை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

நாசர் 1968 மார்ச் 28 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை ரஸா ஜவாத் ஹுசைன் ரஞ்சிக் கோப்பையில் சென்னைக்காக ஆடியவர். ஆர்க்காட்டு நவாபுகளின் வழிவந்த குடும்பத்தினர் என்று சொல்லப்படுபவர். சேப்பாக்கம் மைதானத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஒளிந்திருக்கும் வினோதம் புலப்படும். நவாப் முஹம்மது அலி வாலாஜா பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய அரண்மனையைச் சூழ்ந்திருந்த நிலத்தில்தான் ஆங்கிலேயர் தமது கிரிக்கெட் சங்கத்தை நிறுவிக்கொண்டனர். நவாபின் சந்ததி என்று கருதப்படும் ஒரு வீட்டுச் சிறுவன், மூத்தவர்கள் அடிக்கும் பந்தைப் பொறுக்கிக்கொண்டு அதே நிலத்தில் கிரிக்கெட் பழகினான். பின்னர் 2002 ஜனவரியில் இங்கிலாந்தின் தலைவராக அதே மைதானத்தில் ஒருநாள் போட்டியொன்றில் இறங்கித் தோற்றுத் திரும்பினான். ஆட்சி கைமாறிய வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது.

குடும்பம் 1975-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஜவாத் ‘ஜோ’ ஆனார். அறபு மொழியில் ‘ஜவாத்’ என்றால் வள்ளல். விரைந்தோடும் உயர்சாதிக் குதிரைக்கும் அதுவே பெயர். ஆங்கிலேய நாவுக்கு அது ஓரெழுத்துச் சொல்லாகச் சுருங்கியது. மறுபுறம், ஆங்கிலப் பெண்மணியான நாசரின் தாயார் ‘ஷிரீன்’ என்னும் பாரசீகப் பெயரால் அறியப்பட்டார். ஒரே வீட்டில் இரண்டு பெயர்மாற்றங்கள், எதிரெதிர்த் திசைகளில். இவற்றில் எது அன்பினால் நேர்ந்தது, எது தேவையால் நேர்ந்தது என்று ஆராயப் பெரிய எழுத்தாளர் ஒருவருக்கு ஒரு முழு அத்தியாயம் தேவைப்பட்டிருக்கும். இந்நூல் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கிழக்கு லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் ஜவாத் உள்ளரங்கக் கிரிக்கெட் பயிற்சிக்கூடம் ஒன்றை ஏற்று நடத்தினார். பிள்ளைகளின் மாலைகளும் விடுமுறைகளும் அக்கூடத்தின் வலைகளுக்குள் கழிந்தன. நாசர் அப்போது சுழற்பந்து வீச்சாளர். லெக் ஸ்பின் என்னும் அரிய கலையில் வயதுக்கு மீறிய தேர்ச்சி பெற்றிருந்தார். எட்டு வயதிலேயே எஸ்ஸெக்ஸின் பதினொரு வயதுக்குட்பட்டோர் அணியிலும், பன்னிரண்டு வயதில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியிலும் இடம் கிடைத்தது. பிறகு வளரிளம் பருவத்தில் ஒரே குளிர்காலத்தில் உடல் சரசரவென உயர்ந்தது. பந்து கையிலிருந்து விடுபடும் உயரம் மாறியது. வீசினால் பந்து தரையில் ஒழுங்காக விழவில்லை. சிறு வயது முதல் சேர்த்து வைத்த கலை அவரைக் கைவிட்டுப் போனது.

நூலின் ஆகச் சிறந்த பகுதி இதுவே. இதனை வாசிக்கும்போது அறபு மாணவர் எவருக்கும் தாஹா ஹுசைனின் ‘அல்-அய்யாம்’ நினைவுக்கு வராமல் போகாது. 1929-இல் நூல்வடிவம் பெற்ற அதன் முதற்பாகத்தில், குர்ஆனை மனனம் செய்துவிட்டதாகக் கருதப்பட்ட பார்வையற்ற சிறுவனை விருந்தினர் முன்னிலையில் ஓதச் சொல்கிறார் தந்தை. தொடக்க எழுத்துகளைத் தாண்டி அவனால் செல்ல முடியவில்லை. தந்தை கோபிக்கவில்லை, எழுந்து போகச் சொல்கிறார். அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளை தந்தையின் முன் வெறுங்கையோடு நிற்கும் அவமானத்தை அதைவிடக் கூர்மையாக நவீன அறபு உரைநடை சொல்லியிருக்கிறதா என்பது எனக்கு ஐயமே. தாஹா ஹுசைன் தம்மை ‘சிறுவன்’ என்று படர்க்கையில் எழுதியதால், அந்த அவமானத்தை எட்ட நின்று பார்க்கும் வசதி அவருக்கு வாய்த்தது. நாசருக்கு அந்த வசதி இல்லை. ‘நான்’ என்று தன்மையில் பேசுகிறார்; முப்பத்தாறு வயதிலும் அவர் குரலில் அந்தப் பதின்வயதுப் பையனின் பதற்றம் வடியவில்லை. கலைநயத்தில் இது குறை. உண்மையின் கணக்கில் அவ்வாறு சொல்ல முடியவில்லை.

பந்துவீச்சு போனதும் அவர் தம்மை மட்டையாளராக மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்டார் என்பதைவிட, தந்தை ஏமாந்துவிடக்கூடாதே என்ற அச்சம் அவரை மாற்றியது என்பதே பொருந்தும். பிற்காலத்தில் அவருடைய மட்டைவீச்சில் எல்லாரும் கண்ட இறுக்கம், நடுவரின் தீர்ப்பு பாதகமாகிவிட்டால் கொந்தளிக்கும் சுபாவம், எஸ்ஸெக்ஸின் ஓய்வறையில் சம்பாதித்த கோபக்காரர் என்ற பெயர் ஆகிய யாவும் இங்கிருந்து தொடங்குவதாகவே நூல் நம்மை உணர வைக்கிறது.

நம் கொங்குப் பகுதியில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைக் ‘கோழிப்பண்ணைப் பள்ளிகள்’ என்று நாம் கேலி பேசுவதுண்டு. கேலி பேசிவிட்டு, கடன் வாங்கியாவது பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டு வருவதும் உண்டு. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் உழலும் தகப்பன் தனக்குக் கிட்டாத பட்டத்தை மகன் தலையில் சூட்டிப் பார்க்க விரும்புகிறார். ஹிஃப்ழு வகுப்புக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரிடமும் இதே ஆசையின் இன்னொரு வடிவத்தை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். நிய்யத் தூயதுதான். ஆனால் மனனம் நின்றுவிட்ட பிள்ளை வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்ன நினைத்திருப்பான் என்பதை எத்தனை பேர் கேட்டிருப்போம்? நாசரின் தந்தை கொடுமைக்காரர் அல்லர். நூலும் அவரை அவ்வாறு சித்திரிக்கவில்லை. மகன் உயர்ந்ததற்குத் தந்தையே காரணம் என்பதை அது மறைக்கவும் இல்லை. நன்றியும் மனத்தாங்கலும் ஒரே வாக்கியத்தில் வந்து விழுகின்றன. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டால் மற்றதும் பொய்யாகிவிடும்.

எஸ்ஸெக்ஸுக்காக அவர் 1987-இல் முதல்தரப் போட்டியில் அறிமுகமானார். கௌண்டி என்பது இங்கிலாந்தின் பழைய நிர்வாகப் பிரிவு. நம் ரஞ்சி அணிகளைப் போல அங்கே கௌண்டிகள் மோதிக்கொள்கின்றன. வேறுபாடு என்னவென்றால், கௌண்டி ஆட்டக்காரருக்கு அதுவே முழுநேரப் பிழைப்பு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராகப் பயணம், மழைக்குக் காத்திருப்பு, பெரும்பாலும் காலி இருக்கைகள். கிரஹாம் கூச்சின் தலைமையில் 1991, 1992 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஸ்ஸெக்ஸ் சாம்பியன் பட்டம் வென்றபோது நாசர் அணியில் இருந்தார். முதல்தர ஆட்டங்களில் அவர் குவித்தவை 20,000-க்கும் மேற்பட்ட ரன்கள். டெஸ்ட் வாய்ப்பு 1990-இல் மேற்கிந்தியத் தீவுகளில் கிடைத்தது; மணிக்கட்டு முறிந்தது; பிறகு மூன்று ஆண்டுகள் தேர்வாளர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலைத்த இடம் 1996-இல்தான் வந்தது, அதுவும் இந்தியாவுக்கு எதிராக எட்ஜ்பாஸ்டனில் அடித்த 128 ரன்களால். அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் ஸ்ரீநாத்தின் பந்து அவர் கையுறையில் உரசி விக்கெட் காப்பாளரிடம் சென்றது. நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்த வரலாற்றின் எஞ்சிய பாதி இல்லாமலே போயிருக்கலாம். அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த 207 ரன்களே அவருடைய உச்சம். மொத்தம் 96 டெஸ்டுகள், 5,764 ரன்கள், 14 சதங்கள். சிறந்த மட்டையாளர், மாபெரும் மட்டையாளர் என்று சொல்லத் தயங்க வேண்டும்.

தலைவராக அவர் ஆற்றியது அதைவிடப் பெரியது. 1999-இல் பொறுப்பேற்ற கோடையிலேயே நியூசிலாந்திடம் தொடரை இழந்து, ஓவல் மைதானத்தில் சொந்த மக்களின் ஏளனக் கூச்சலைக் கேட்டு நின்றார். பயிற்சியாளர் டங்கன் ஃபிளெட்சரோடு சேர்ந்து அந்த அணியை மெல்ல மெல்ல நிமிர்த்தினார். ஜிம்பாப்வே, மேற்கிந்தியத் தீவுகள், பாகிஸ்தான், இலங்கை என்று நான்கு தொடர்கள் வரிசையாக வெல்லப்பட்டன. கராச்சியில் 2000 டிசம்பரில் இருள் கவிந்த பிறகு எட்டிய வெற்றி அவற்றுள் ஒன்று. இவற்றுக்கு நடுவே அவருடைய சொந்த மட்டை ஏறக்குறைய ஓராண்டு ஊமையாக இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2002 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 115 அடித்தபோது, மூன்றாம் இடத்தில் ஆடும் தகுதி தமக்கு இல்லையென்று எழுதியவர்களை நோக்கி மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். அந்த ஒருநாள் சதம், அவருடைய ஒரே ஒருநாள் சதம், கைஃபும் யுவராஜும் ஆடிய ஆட்டத்தால் வீணானது. பத்திரிகையாளர் மாடத்தை நோக்கிய அந்தக் கோபத்தின் உண்மையான முகவரி இல்ஃபோர்டில் இருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, நமக்குக் கசக்கும் இடம். 2001-இல் பாகிஸ்தான் அணி இங்கிலாந்துக்கு வந்திருந்த வேளையில், இங்கேயே பிறந்து வளர்ந்த ஆசியர்கள் இங்கிலாந்தை ஆதரிக்காமலிருப்பது தமக்கு விளங்கவில்லை என்ற பொருளில் நாசர் கருத்துத் தெரிவித்தார். நார்மன் டெபிட் என்னும் அரசியல்வாதி 1990-இல் குடியேறியோரின் விசுவாசத்தை அளக்கக் கிரிக்கெட்டை அளவுகோலாக முன்மொழிந்திருந்தார். அந்தக் கேள்வி இப்போது நாசர் என்ற பெயருடைய ஒருவரின் வாயிலிருந்து வந்தது. ஓல்டாமிலும் பிராட்ஃபோர்டிலும் இனக்கலவரம் மூண்ட ஆண்டு அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோவைக்காரர்களுக்கு இக்கேள்வியின் எடை தெரியும். 1997 நவம்பர்க் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்புகளுக்கும் பிந்தைய ஆண்டுகளில், கோட்டைமேட்டுப் பையனிடம் ‘நீ எந்த அணி?’ என்று கேட்கப்பட்டால் அது கிரிக்கெட் பற்றிய கேள்வியாக இருந்ததில்லை. விடை கையில் இருந்தாலும், கேட்கப்படுவதே தண்டனை. நாசர் இதை உணர்ந்தாரா? தம் அணியைத் தம் சொந்த மண்ணிலேயே அந்நியமாக்கும் கூச்சலைக் கேட்ட தலைவரின் வருத்தம் அவருடையது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழு வயதில் கிரிக்கெட்டையே கடவுச்சீட்டாக ஏந்திச் சென்ற ஒருவருக்கு, அந்தச் சீட்டு கிடைக்காத பிராட்ஃபோர்டு நெசவாலைத் தொழிலாளியின் மகன் எதன் மீது காதல் கொள்வான் என்று எண்ணிப்பார்க்கும் பொறுமை இருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் இந்தியா 12 ரன்களில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, அம்மைதானத்து மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினார்கள். அவர்களுடைய விசுவாசத்தை எவரும் அளக்கவில்லை. அந்தக் கைதட்டலில் கலந்துகொள்ளும் உரிமை எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

ஆனால் ஜர்ஹோடு தஃதீலும் எழுதப்பட வேண்டும். 2003 உலகக் கோப்பையில் இங்கிலாந்து பிப்ரவரி 13 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வேயோடு ஆட வேண்டியிருந்தது. முகாபே ஆட்சியின் அடக்குமுறையைக் கண்டும் காணாமல் அங்கே போய் ஆடுவதா என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கம் போகாதீர்கள் என்றது, தடுக்க மறுத்தது. கிரிக்கெட் வாரியம் நட்டக் கணக்குப் பார்த்தது. ஒரு நாட்டின் வெளியுறவுச் சிக்கல் இறுதியில் கேப்டவுன் விடுதியொன்றில் அடைந்து கிடந்த ஆட்டக்காரர்களின் மடியில் வந்து விழுந்தது. அவர்களுக்காகப் பேசும் சுமை நாசருடையது. அணி போகவில்லை, புள்ளிகள் பறிபோயின, கோப்பையிலிருந்தும் வெளியேறியது. கொலை மிரட்டல் கடிதம் வந்திருந்ததால் அதிகாரபூர்வக் காரணம் பாதுகாப்பு என்றே பதிவாயிற்று. ஆகவே இதை முழுமையான சாட்சியம் என்று என்னால் எழுத முடியவில்லை. முழுமையான சாட்சியம் என்றால், மூன்று நாட்களுக்கு முன் அதே ஹராரேயில் கறுப்புப் பட்டையணிந்து இறங்கிய ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் அளித்ததே. அவர்கள் நாட்டையே விட்டுக் கொடுத்தார்கள். இன்னொன்றும் உறுத்துகிறது: பிப்ரவரி 15 அன்று லட்சக்கணக்கானோர் லண்டன் வீதிகளில் இராக் போருக்கு எதிராகத் திரண்டனர். ஹராரே விஷயத்தில் மனச்சாட்சி பேசிய அரசாங்கத்தின் செவியில் அந்தக் குரல் ஏறவில்லை.

இருப்பினும் அந்தப் பாதிச் சாட்சியத்தின் மதிப்பை அறிய, நம் ஊருக்கு மேலே உள்ள மலையில் பிறந்த இன்னொருவரை அருகில் நிறுத்திப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் தாண்டி ஏறினால் வரும் உதகமண்டலத்தில் 1932-இல் பிறந்தவர் காலின் கௌட்ரி. தேயிலைத் தோட்டக்காரரின் மகன், கெண்ட் கௌண்டியின் நெடுங்காலத் தலைவர், 100 டெஸ்டுகளை எட்டிய முதல் மனிதர், பின்னாளில் பிரபுப் பட்டம் பெற்றவர். நாசர் பிறந்த அதே 1968-இல் இங்கிலாந்தின் தலைவராக இருந்தவரும் அவரே. கேப்டவுனில் பிறந்து, நிறவெறிச் சட்டங்களால் அங்கே ஆட வழியின்றி இங்கிலாந்துக்கு வந்து வூஸ்டர்ஷையருக்கு ஆடிய பேசில் டி’ஒலிவேரா, அவ்வாண்டு ஆகஸ்டில் ஓவலில் 158 ரன்கள் அடித்தார். அடுத்து வந்தது தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணம். டி’ஒலிவேராவிடம் நம்பிக்கையூட்டும் வகையில் பேசியிருந்த கௌட்ரி, தேர்வுக்குழுவின் கூட்டத்தில் அவருக்காக உறுதியோடு நிற்கவில்லை என்பதே பின்வந்த ஆய்வுகள் காட்டும் சித்திரம். பெயர் விடுபட்டது. பிறகு வேறொருவர் காயத்தால் விலக, டி’ஒலிவேரா சேர்க்கப்பட, பிரிட்டோரியா மறுக்க, பயணமே ரத்தானது. கௌட்ரி மென்மையானவர், பண்பாளர், எல்லாராலும் நேசிக்கப்பட்டவர். நாசரோ முரடர். டி’ஒலிவேராவின் ஊரிலேயே, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ‘இது எங்கள் தலையில் கட்டப்பட வேண்டிய முடிவா?’ என்று அதிகாரிகளிடம் குரல் உயர்த்திக் கேட்டவர் முரடர்தான். சிறு வயதில் வலைகளுக்குள் சேர்த்து வைத்த கோபத்துக்கு வாழ்க்கையில் ஒரு முறையேனும் தக்க பயன் கிடைத்தது.

அதற்குப் பின் வந்த தலைமுறை வேறு வழி கண்டது. வூஸ்டர்ஷையருக்கு ஆடிய மொயீன் அலி, நீண்ட தாடியோடு, 2014-இல் சவுத்தாம்ப்டன் டெஸ்டில் காஸாவுக்கு ஆதரவான மணிக்கட்டுப் பட்டைகளை அணிந்து மட்டை பிடித்தார். சர்வதேச அமைப்பு கழற்றச் சொன்னது. யார்க்ஷையரின் அஸீம் ரஃபீக் 2021 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து தமக்கு நேர்ந்த இழிவுகளைச் சொன்னபோது, கௌண்டி அமைப்பே அதிர்ந்தது. 2004-இல் எழுதப்பட்ட நூலில் இவற்றைத் தேட முடியாது. ஆனால் இவற்றை அறிந்த பின் அந்நூலுக்குத் திரும்புகிறவருக்கு, ‘ஜோ’ என்ற அந்தச் சுருங்கிய பெயர் முன்பு படித்ததைவிடக் கனமாக ஒலிக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். நூலின் பின்பாதியில் தேர்வுக்குழுக் கூட்டங்களும் ஓய்வறைப் பூசல்களும் அளவுக்கு மீறி இடம்பிடிக்கின்றன. கால் நூற்றாண்டு தள்ளி நிற்கும் தமிழ் வாசகர் பல பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம். 2002 நவம்பரில் பிரிஸ்பேனில் டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை ஆடவிட்ட பெரும்பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறவர், டெண்டுல்கரின் காலுக்கு வெளியே பந்து போடச் செய்து முடக்கிய பெங்களூர் உத்தியின் அழகின்மையைப் பற்றி அதே அளவு நேர்மையாக யோசிப்பதாகத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கின் மறுதரப்பு நீதிமன்றத்துக்கு வரவில்லை. சென்னைக்காக ரஞ்சிக் களம் கண்டும் மேலே செல்லாத ஜவாத் ஹுசைன் என்ற இளைஞனின் மனத்தில் என்ன மிச்சமிருந்தது? திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசலிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்த மைதானத்தை விட்டு, இல்ஃபோர்டின் மூடிய கூடத்துக்குள் தன் உலகத்தை அவர் ஏன் சுருக்கிக்கொண்டார்? மகனின் நூலில் அவர் அதட்டும் குரலாகவும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த முதுகாகவும் மட்டுமே எஞ்சுகிறார். அவருக்கென்று தனியாக ஒரு தர்ஜமா எழுதப்பட வேண்டும். சென்னைக் கிரிக்கெட்டின் அறுபதுகளைச் சேர்ந்த ஆட்டப் பதிவுகளிலும், அந்தக் கூடத்தின் வலைகளில் பழகியவர்களின் நினைவுகளிலும் அதற்கான சரக்கு இன்னும் கிடைக்கக்கூடும்.